மல்லாட்டைக் கணக்கில் காபி

பக்கத்து வீட்டில் தாளிக்கிறார்கள். கடுகு முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு கூட்டமாக வெடிக்கிறது. துணி மடித்துக்கொண்டிருந்த என் கை தானாக நீண்டு, அங்கே இல்லாத ஒரு கேஸ் குமிழைத் தேடுகிறது. வறுக்கிற டிரம்முக்குள் காபிக்கொட்டையும் இப்படித்தான் வெடிக்கும். முதல் வெடி கேட்டதும் தீயைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கருகிப்போகும், கசப்பு மட்டும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமையில்கூட அந்தச் சத்தம் என்னை விடுவதில்லை. அது வந்தால் கூடவே அவளும் வந்துவிடுகிறாள், விழுப்புரத்துக்காரி.

அவள் என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. எங்களுக்குத் திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் காபிப்பொடிக் கடை. அவர்களுக்கு விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் போகிற வழியில். இரண்டு கடைக்கும் ஒரே வழக்கம்தான். பொடியை முன்கூட்டி அரைத்து வைப்பதில்லை. வாங்க வருகிறவர் கண்ணெதிரே கொட்டையை நிறுத்து, அரைத்து, அவர் கேட்ட அளவுக்குச் சிக்கரி கலந்து கொடுப்போம். சூடு ஆறாத பொட்டலத்தைப் பூனைக்குட்டியைத் தூக்கிப்போவதுபோல நெஞ்சோடு வைத்துக்கொண்டு போவார்கள். வறுக்கிற நாளில் வாசனை தெருமுனை வரைக்கும் நடந்துபோய் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும். எங்களுக்குப் போர்டும் அதுதான், விளம்பரமும் அதுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் எங்கள் கடையில்தான் இருந்தாள். டிரம் பக்கத்தில் நிற்கவே பயம். "அக்கா, வெடிக்குதுக்கா!" என்று கல்லாப் பக்கம் ஓடுவாள். "கிட்ட வந்து கேளுடி, கடிக்காது" என்று கையைப் பிடித்து நிறுத்தி, எந்த வெடி அவசரத்து வெடி, எந்த வெடி பதம் வந்த வெடி என்று அவள் காதுக்குக் காட்டிக்கொடுத்தவள் நான். பிறகு தம்பி தனிக்கடை போட்டார். அவள் என் காதை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனாள்.

அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய்.

அவள் கடை வளர்ந்தது. கண்ணாடி ஷோகேஸ் வந்தது, எங்களுடையதைவிடப் பெரிய டிரம் வந்தது, காலையில் பத்துப் பேர் நிற்கிற வரிசை வந்தது. வருகிறவர்களை எல்லாம் மாமா, சித்தி, அண்ணே என்று முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். ரயில் பிடிக்கிற அவசரத்தில் வருகிறவர்கூட அவளிடம் நின்று தன் மருமகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். நான் காசை வாங்கிப் பொட்டலத்தைக் கொடுக்கிறவள். எனக்கு வாய் வராது. எழுதத்தான் வரும்; அதை எந்தத் தராசில் வைக்கிறது? விழுப்புரம் போகும்போதெல்லாம் அவள் கடைத் திருப்பத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்த வாசனை எனக்குள்ளே போகக் கூடாது. நல்ல வாசனை. அதுதான் பேஜாரு.

அவள் மகளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை, கொடுத்த அன்று எல்லாம் தொடங்கியது. கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் பிரியாணி முடிந்து, ஆண்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த வாரம் பேப்பரில் எல்லாம் ஒரே பேச்சு. அமெரிக்கா தன் நாட்டுக்குள் வருகிற வெளிநாட்டுச் சரக்குக்கு வரியை ஏற்றிவிட்டது. நம் சரக்குக்குக் கடுமையான வரி, பிரேசில் சரக்குக்கும் அப்படியே. காபியும் அதில் உண்டு.

"வெல எறங்கும், பாத்துக்கினே இருங்க" என்றார் என் வீட்டுக்காரர். "அமெரிக்காக்காரன் வாங்கலன்னா மலையில வெளையறது எங்க போவும்? நம்ம பக்கம்தான் வரணும். மூட்டை மூட்டையா தேங்கும். கேட்ட வெலைக்குக் குடுப்பான். அதுவரைக்கும் ஒரு மூட்டை வாங்கக் கூடாது."

அந்தக் கணக்கு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பழக்கமானது. கிளியனூர்ப் பக்கம் பல காலமாக மல்லாட்டை, வெளியூர்க்காரர்கள் சொல்கிற வேர்க்கடலை, போட்ட குடும்பம். எண்ணெய் மில்லுக்காரர்களின் லாரி வராத வாரத்தில், திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகள் மழைக்குப் பயந்து ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கும். பொழுது சாய்வதற்குள் விலை விழுந்துவிடும். லாரி நின்றால் விலை விழும். சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்த உண்மை. வட்டத்தில் இருந்த அத்தனை தலையும் ஆடியது.

என் ஓர்ப்படி ஐஸ்கிரீம் தட்டோடு வந்தாள். "ஏன் மாமா, மல்லாட்டைக்கு மில்லுக்காரன விட்டா வேற ஆள் கெடையாது. காபிய அமெரிக்காக்காரன் மட்டுமா வாங்கறான்?"

"நீ மொதல்ல ஐஸ்கிரீம குடும்மா, உருகுது" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கொட்டை அனுப்புகிற சிக்மகளூர் ஏஜென்ட் போன் செய்யும்போதெல்லாம் இவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்று வைத்தார். விலை இறங்கவில்லை. ஏறியது. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறியது. நம் கொட்டையை ஐரோப்பாக்காரர்கள் எப்போதும்போல அள்ளிக்கொண்டு போகிறார்களாம். எங்கள் பின்கட்டில் அடுக்கியிருந்த பச்சைக்கொட்டை மூட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, சுவர் தெரிய ஆரம்பித்தது. அந்தச் சுவரில் இத்தனை விரிசல் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

தெருவில் காபி ஒதுங்க ஆரம்பித்தது. பக்கத்து மெஸ்ஸில் விலைப்பலகையில் காபிக்கு மேல் சுண்ணாம்பு பூசினார்கள். டீ மட்டும் தனியாக நின்றது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் டம்ளரைச் சின்னதாக மாற்றிவிட்டு, "நுரை ஜாஸ்தி வருதும்மா இதுல" என்று கண்ணடித்தார். எப்போதும் சிக்கரி இல்லாமல் வாங்குகிற வாத்தியார் ஒருவர் இருந்தார். ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, கெட்ட விஷயம் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில், "கொஞ்சம் சிக்கரி சேத்துக் குடுங்களேன்" என்றார். நானும் அதே தாழ்ந்த குரலில், "எவ்ளோ சார்?" என்றேன்.

அவர்தான் கேட்டார்: "பிரேசில்ல விக்காம கெடக்கற கொட்டைய நாம வாங்கிக்கலாமேம்மா? சல்லிசா வருமே?"

நான் ஏஜென்ட்டிடம் கேட்டேன். ஏஜென்ட் சிரித்தார். மலைத் தோட்டக்காரர்கள் நொடித்துப் போகக் கூடாது என்று, வெளியிலிருந்து வருகிற காபிக்கு நம் அரசாங்கமும் எத்தனையோ காலமாகப் பெரிய வரி வைத்திருக்கிறதாம். சல்லிசான கொட்டைகூடத் துறைமுகம் தாண்டுவதற்குள் நம் கொட்டையின் விலையை எட்டிவிடுமாம். அங்கே ஒரு வேலி, இங்கே ஒரு வேலி. இரண்டுக்கும் நடுவே செஞ்சி ரோட்டில் என் டிரம், வயிறு காலியாக.

எனக்கு யார்மேல்தான் பொறாமை இல்லை அந்த நாட்களில்! நம் மலையில் விளைகிற நல்ல கொட்டை, பெரிய கொட்டை, பொறுக்கி எடுத்த கொட்டை எல்லாம் கப்பல் ஏறுகிறது. மிஞ்சியதுதான் நம் தெருவுக்கு வருகிறது. அந்தக் கரையில், பெயர் தெரியாத ஊரில், யாரோ ஒருத்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நம் மழையை, நம் மலையின் நிழலை, நம் பெண்கள் கூடையோடு ஏறி இறங்கிய சரிவை ஒரு கோப்பையில் வைத்து மெதுவாகக் குடிக்கிறாள். பாதி குடித்துவிட்டு மறந்தும் போகிறாள். ஆறிப்போனதைக் கொட்டுகிறாள். அவள் கொட்டுகிற அந்தப் பாதிமேல் எனக்குப் பொறாமை. ஆனால் முகம் தெரியாதவள்மேல் எத்தனை நாள் பொறாமைப்பட முடியும்? பொறாமைக்கு ஒரு முகம் வேண்டும், குரல் வேண்டும், வளையல் சத்தம் வேண்டும். அது சுற்றிச் சுற்றி விழுப்புரத்துக்கே வந்து சேர்ந்தது.

ஏனென்றால் அதற்குள் சேதி வந்துவிட்டது. கொழுந்தன் போனில் பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டார்: புதுநன்மை விருந்து முடிந்த மறுநாளே அவள் ஏஜென்ட்டிடம் பேசி, கையிருப்பு முழுவதையும் போட்டு மூட்டைகளை இறக்கிவிட்டாள். அவர் வேண்டாம் என்றாராம், அண்ணன் சொன்ன கணக்கைச் சொன்னாராம். அவள் கேட்கவில்லை. பழைய விலைக்கு வாங்கிய கொட்டை, அதனால் அவள் கடையில் பொடி விலை அதிகம் ஏறவில்லை. அதனால் வரிசை இன்னும் நீண்டது. எங்கள் கடையிலோ விலையை ஏற்றி எழுதிய அட்டை, அதைப் படித்துவிட்டு அப்படியே நகர்கிற முதுகுகள்.

பிற்பாடு ஒருநாள் அமெரிக்கா காபியை அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு டம்ளர் விலைகூட இறங்கவில்லை. ஆனால் நான் சொல்வது அதற்கு முன்னால், எங்கள் பின்கட்டில் கடைசி மூட்டையை உதறிய வாரம்.

அந்த வாரம் டிரம் ஓடவில்லை. இவர் காலையில் கடை வாசலைக் கூட்டினார். வழக்கமாக அது என் வேலை. கூட்டி முடித்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"விழுப்புரத்துலேர்ந்து பொடியாவே எடுத்துடலாம். தம்பிகிட்டப் பேசினேன். அவங்க போர்டு ஒண்ண நம்ம கடையில மாட்டிக்கிலாம்னான். டிரம்ம எடைக்குப் போட்டா எடமாச்சும் மிச்சம்."

"அப்ப நான் இங்க என்னா பண்ணுவேன்?"

"விப்ப."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த மனிதர் மல்லாட்டைக் கணக்கைத்தான் போடுவார். ஆனால் அந்த டிரம் போனால் நான் அவளுடைய கிளைக்கடையில் உட்கார்ந்து பொட்டலம் எண்ணுகிறவள். திண்டிவனத்துத் தெருவில் என் வாசனை இருக்காது. என்னிடம் கற்றவள் வறுத்ததை, அவள் பெயர் போட்ட பையில், நான் விற்க வேண்டும்.

"நான் போய் கொட்டையா கேட்டு வாங்கிக்கினு வர்றேன்" என்றேன்.

"அவகிட்டயா? நீயா?"

"நானேதான்."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை கேட்க வேண்டிய வார்த்தைகளை அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன். கெஞ்சுகிற மாதிரியும் இருக்கக் கூடாது, அதிகாரம் பண்ணுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. வியாபாரம் மாதிரி இருக்க வேண்டும். ஜங்ஷன் பக்கத்தில் இறங்கி நடந்தேன். அவள் கடைத் திருப்பத்தில் மூச்சைப் பிடிக்க மறந்துவிட்டேன். வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

வரிசையில் முதல் ஆளாக நின்றவர் எங்கள் ஊர்க் கல்யாணச் சமையல்காரர். திண்டிவனத்தில் எந்த மண்டபத்துக் காபியும் அவர் கையில்தான். பொடி எப்போதும் எங்கள் கடையில்தான் எடுப்பார். வாசலில் அவருடைய மினி வேன் அண்டா குண்டாவோடு நின்றது. என்னைப் பார்த்ததும் வெற்றிலை வாயை மூடிக்கொண்டார்.

"வாங்கம்மா" என்றார், அவருடைய கடை மாதிரி. பிறகு தாங்க முடியாமல், "வளவனூர்ல ஒரு கல்யாணம் முடிச்சிட்டு இந்தப் பக்கமா வந்தேன்மா. உங்க கடையில டிரம் ஓடவே இல்லையே, அதான்..."

"அதுக்கென்னண்ணே, நானும் இங்கதான வந்திருக்கேன்" என்றேன். அவர் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா!" என் ஓர்ப்படி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டிகாஷன் விட்டு நுரை பொங்க ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் கொடுத்தாள். குறை கண்டுபிடிக்கிற நாக்கோடு குடித்தேன். குறை இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் இல்லை.

"ரெண்டு மூட்டை பச்சைக்கொட்டை வேணும்" என்றேன். அடுக்கியதெல்லாம் போய் இதுதான் வந்தது.

"கொட்டை எதுக்குக்கா? பொடியாவே எடுத்துக்கினு போயேன். வறுத்தா எடை கொறையுது, கேஸ் செலவு, கரண்டு வேற. உனக்கும் ஒடம்பு வலி மிச்சம். மாமாகிட்ட எல்லாம் பேசியாச்சே!"

அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் அப்படிக் குத்தியது.

"பொடி வேணாம். கொட்டையா குடு."

"செரி, எடுத்துக்கோ. நான் வாங்கின வெலையே போட்டுக்கலாம்."

"வேணாம். இன்னிக்கு என்னா வெல விக்குதோ அதப் போடு."

"இன்னிக்கு வெலைக்கு எடுத்தா நீ என்னா வெலைக்கு விப்ப? திண்டிவனத்துல எவன் வாங்குவான்?"

"அது என் பாடு."

"நான் வாங்கின வெலைதான். அதுக்கு மேல ஒரு பைசா வாங்க மாட்டேன்."

"இன்னிக்கு வெலைதான். அதுக்குக் கீழ ஒரு பைசா குடுக்க மாட்டேன்."

வரிசையே வேடிக்கை பார்த்தது. சமையல்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. வாங்கறவங்க ஏத்தறீங்க, விக்கறவங்க எறக்கறீங்க. ரெண்டு பேரும் எடம் மாறி உக்காந்துக்குங்க, செரியாப் பூடும்" என்றார். கடையே சிரித்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மூட்டைகள் விட்டம் வரைக்கும். சணல் வாசனை, பச்சைக்கொட்டையின் வைக்கோல் வாசனை. நான் அந்த அடுக்கைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"நான் குடுக்கறது உனக்குப் பிடிக்கல. அதான?" என்றாள்.

"ஆமா."

அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது. இத்தனை வருஷம் மடித்து வைத்திருந்த வார்த்தை. அவள் அதிர்ந்துபோவாள் என்று நினைத்தேன். ஒரு மூட்டையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றாள்.

"எனக்கு மட்டும் உங்கிட்ட கத்துக்கினது பிடிச்சுதா?" என்றாள். "தெனம் டிரம்ம போட்டா உன் கொரல்தான். 'கிட்ட வந்து கேளுடி'ன்னு. வந்து போற பெரியவங்க வேற, 'உங்க அக்கா வறுக்கற மாதிரியே இருக்கும்மா'ங்கறாங்க. நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சா என்னா? உன்ன மாதிரியே இருக்குதாம். இத்தன பெரிய கடைய வச்சிக்கினு, இதுல நான் எங்கக்கா இருக்கேன்?"

நல்ல மனம் இருந்தால் அந்த நேரத்தில் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாத, வாய் இனிக்கிற சந்தோஷம். அவளுக்கும் வலிக்கிறது. எனக்கு வலிக்கிற அதே இடத்தில். அதற்குப் பிறகுதான், மெதுவாக, பாவம் என்று தோன்றியது. அதற்கும் பிறகு, விட்டம் தொடுகிற அந்த மூட்டைகள் மறுபடி கண்ணில் பட, பாவம் போய்ப் பழையபடி எரிச்சல் வந்தது.

ஆனால் இன்றைய விலைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். விலை அட்டையைத் திரும்ப ஏற்றி எழுத வேண்டும். முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டே மாதத்தில் டிரம் எடைக்குத்தான் போகும். என் ரோஷத்தை டிரம்முக்குள் போட்டு வறுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

"செரி. நீ வாங்கின வெலையே போடு" என்றேன். "ஆனா உன் போர்டு எங்க கடையில தொங்காது."

"தொங்க வேணாம்."

"பையிலயும் உன் பேரு வேணாம்."

"வேணாங்கறேன்ல."

"வர்ற போற பத்துப் பேருகிட்ட, அக்காவுக்கு நான்தான் குடுத்தேன்னு சொல்லிக்கினு திரியக் கூடாது."

"அது மட்டும் முடியாது" என்றாள். முதல்முறையாகச் சிரித்தாள். "அதுகூட சொல்லலன்னா எனக்கு இதுல என்னாக்கா லாபம்?"

மூட்டைகளை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வியைச் சமையல்காரர் தீர்த்தார். வேனில் அண்டாக்களை நகர்த்தி இடம் பண்ணினார். கடை ஆட்கள் இரண்டு பேர் மூட்டைகளைத் தூக்கி வைத்தார்கள். தன் பங்குக்கு வாங்கிய பொடிப் பொட்டலத்தை என் கண்ணில் படாதவாறு சீட்டுக்கு அடியில் தள்ளினார். வண்டி கிளம்புவதற்குள்ளாகவே அதன் வாசனை முன் சீட்டு முழுவதும் நிறைந்துவிட்டது. "ஜல்தி ஏறுங்கம்மா, மதியத்துக்குள்ள திண்டிவனம் போய்ச் சேந்தாதான் எனக்கு ராத்திரி பந்திக்கு அடுப்பு மூட்ட முடியும்" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் கடையையும் வரிசையையும் அப்படியே விட்டுவிட்டு வேன் கதவு வரைக்கும் வந்து, ஜன்னல் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. என்னைவிட அழகு, எப்போதும்போல. என்னைவிடத் துணிச்சல். சமையல்காரர் சாவியைத் திருப்பினார்.

"அக்கா, அடுத்த தடவ கொட்டை எப்ப வாங்கறதுன்னு மாமாகிட்டக் கேக்காத. எனக்கு ஒரு போன் போடு."

"போட மாட்டேன். நீ போடு."